பென்சிலில் எழுதிய பெயர்

ஜமாலியா,
திருகோணமலை.
16.9.1990

அன்புள்ள றம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் நானும் சுகம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கன நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். துறைமுக அலுவலகத்தில் நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிறவன் நான். ஆனால் மனைவிக்கு எழுதிப் பழக்கமில்லை. ஏப்ரலில் நமக்கு நிக்காஹ் முடித்துக் காவின் எழுதினார்கள். என்னை மாப்பிள்ளையாக உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிற நாளை ஜூன் கடைசிக்கு வைத்தார்கள். அதற்குள் சண்டை தொடங்கிக் கரையோரப் பாதையும் மூடிப்போய்விட்டது. சட்டப்படி நான் உங்கள் புருஷன். உங்கள் முகத்தை நான் பார்த்தது காவின் அன்று, கதவுச் சீலையைக் காற்று தூக்கிய நேரத்தில் மட்டும்தான். அந்தக் காற்றுக்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பின்னேரங்களில் என்ன செய்வீர்கள் என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஊரடங்கில் வேறென்ன செய்வது? அலுமாரியைத் திறந்து என் உறைகளோடு உட்கார்ந்திருப்பேன். சிரிக்கக் கூடாது. முத்திரை சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சேர்ப்பது தபால் உறைகளை. அதிலும் ஹெலிகொப்டரில் முதன்முதலாகத் தபால் கொண்டுபோன காலத்து உறைகளை மட்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் பெரிய யுத்தம் முடிந்த கையோடு இதைச் செய்து பார்த்தார்கள். கடிதத்துக்குப் பாதையும் வேண்டாம், பாலமும் வேண்டாம், தும்பி போல வந்து இறங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்ற யோசனை. சின்ன வயதில் அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

என்னிடம் இருப்பதில் ராசா மாதிரி ஒன்று இருக்கிறது. 1948-இல் இங்கிலாந்தில் ஹெலிகொப்டரில் ஏறி, பிறகு கப்பலேறித் திருகோணமலைக்கு வந்த உறை. வாப்பா இங்கே இங்கிலீசுக்காரரின் கப்பல் தளத்தில் ஸ்டோர் பார்த்தவர். அங்கே இருந்த ஓர் அதிகாரிக்கு அவருடைய தாய் அனுப்பியது அது. ஊருக்குப் போகும்போது அவர் அதை வாப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மூலையில் மன்னரின் தலை, இரண்டு ஊர்ச் சீலும் பிசகாமல் விழுந்திருக்கிறது. முகவரி எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அந்தத் தாய் முகவரியைப் பென்சிலில் எழுதியிருந்தாராம். மகன் அதை அழித்துவிட்டுச் சுத்தமாக வைத்திருந்தார். சேர்ப்பவர்களின் வழக்கம் அது. உறையில் எவருடைய பெயரும் இல்லாவிட்டால்தான் அதற்கு மதிப்பு. நானும் அப்படித்தான் பழகியிருக்கிறேன்.

நீங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கலீலுர் றஹ்மான்


புல்மோட்டை.
3.10.1990

உங்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் அனுராதபுரம், பதவியா எல்லாம் சுற்றி, மழையில் நனைந்து நேற்று வந்தது.

உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷனை மச்சான் என்பார்கள். அது வாசற்படி ஏறி வந்தவருக்குச் சொல்லும் சொல். நீங்கள் வந்த பிறகு சொல்கிறேன். அதுவரை பெயரில்லாமல் இருங்கள், உங்கள் உறை மாதிரி.

சிரிக்கக் கூடாது என்றால் சிரிப்புத்தான் வரும். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னகா புள்ள, மாப்புள பகிடிக்காரனா?" என்று கேட்டார். கடிதத்தை விட்டுவிட்டு உறையை வைத்துக்கொள்ளும் ஒருவருக்கு என்னைக் காவின் எழுதியிருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாவம் அவர், பயந்துபோவார்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், கோபிக்காதீர்கள். நீங்கள் தும்பி என்று எழுதியிருந்ததை நான் இரண்டு தரம் வாசித்தேன். இங்கே அந்த ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால், சுடப்போகிறது என்று என் வகுப்புப் பிள்ளைகள் நான் சொல்லாமலே வாங்குப் பலகைகளுக்குக் கீழே போய்விடுகிறார்கள். நபீஸா என்று ஒரு சின்னவள், காதைப் பொத்திக்கொண்டு கலிமா சொல்லுவாள். நானும் கீழே போவேன். எனக்கும் பயம்தான். அதில் தபால் வரும் என்று இவர்களிடம் சொன்னால், டீச்சருக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார்கள்.

இனி முக்கியமான விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன்.

என் கூடப் பிறந்த காக்கா புத்தளத்திலிருந்து வந்திருக்கிறார். எங்கள் எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறார். "இஞ்ச இருந்து என்ன செய்யப் போறீங்க? பாதையுமில்ல, அரிசியுமில்ல, மாப்புளயுமில்ல" என்று வாப்பாவிடம் சொல்கிறார். முதல் இரண்டுக்கும் வாப்பா மறுமொழி சொன்னார். மூன்றாவதுக்கு எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். வாப்பா எனக்கென்று கட்டிய வீடு இது. மாப்பிள்ளை வந்து இருக்கவேண்டிய அறைக்கு ஜூனில் வெள்ளை அடித்தோம். இப்போது அதற்குள் நெல்மூட்டை அடுக்கியிருக்கிறது. போனால் திரும்பி வருவோமா, வந்தால் வீடு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. புத்தளத்தில் இன்னொருவரின் வளவில், இன்னொருவரின் கூரைக்குக் கீழே, ஒரு மாப்பிள்ளையை எப்படி வரவேற்பது?

அதனால் நேராகக் கேட்கிறேன். நீங்கள் இங்கே வருவீர்களா? வருவதாக இருந்தால் நான் இருக்கிறேன், வாப்பாவும் இருப்பார். வராவிட்டால் அதையும் எழுதுங்கள், நான் லொறியில் ஏறிவிடுகிறேன். எது என்றாலும் உங்கள் கையால் எழுதி வர வேண்டும்.

நீங்கள் என்று எழுதுவதை விடுங்கள். காவின் எழுதியவளை யாராவது நீங்கள் என்பார்களா?

றம்ஸியா


புல்மோட்டை.
24.10.1990

ஜனாப் கலீலுர் றஹ்மான் அவர்களுக்கு,

தங்கள் உறை கிடைக்கப்பெற்றது.

திங்கட்கிழமை ஹெலிகொப்டர் இங்குள்ள கனிய மணல் தொழிற்சாலை மைதானத்தில் இறங்கியது. மருந்துப் பெட்டிகளோடு ஒரு சின்னத் தபால் பையும் வந்தது என்றார்கள். பையில் எனக்கொன்று இருக்கிறது என்று தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து தந்தார். சைக்கிளில் வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். உம்மா, வாப்பா, காக்கா எல்லோரும் சுற்றி நிற்கக் கிழித்தேன்.

உள்ளே ஒரு வெள்ளை மட்டை இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு சொல் இல்லை. இராணுவ முகாமில் யாராவது பிரித்துக் கடிதத்தை எடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். இல்லை, ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது.

பிறகுதான் முன்பக்கத்தைப் பார்த்தேன். அழகான முத்திரை. கோடு பிசகாமல் ஒட்டியிருக்கிறீர்கள். "ஹெலிகொப்டர் மூலம்" என்று மையில், முத்து முத்தாக எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே என் பெயர் பென்சிலில் இருக்கிறது.

பென்சிலில் ஏன் எழுதுவீர்கள் என்று நீங்களே எனக்கு எழுதியிருந்தீர்கள். பிறகு அழிப்பதற்கு.

நான் உங்களிடம் போகவா, இருக்கவா என்று கேட்டேன். நீங்கள் உங்கள் அலுமாரிக்கு ஒன்று சேர்த்துக்கொண்டீர்கள். காக்கா அந்த மட்டையை வாங்கி வாப்பாவிடம் கொடுத்து, "இந்தாங்க, மாப்புளட மறுமொழி" என்றார். வாப்பா அதை என்னிடமே திருப்பித் தந்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். காக்கா சொன்னதைவிட வாப்பா சொல்லாமல் போனதுதான் எனக்கு நொந்தது.

அடுத்த மாதம் பத்தாம் திகதி லொறி போகிறது. அறையிலிருந்த நெல்மூட்டைகளை விற்றாயிற்று. உறையைக் கிழித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் ஆட்கள் அதற்கு இனி மதிப்பில்லை என்பார்கள். கிழியாமல் இருந்திருந்தாலும் எனக்கு அது அப்படித்தான்.

றம்ஸியா


ஜமாலியா,
திருகோணமலை.
4.11.1990

றம்ஸியா,

நீ என்றே எழுதுகிறேன். நீங்கள் என்று எழுத எனக்கு இனி உரிமையில்லை, நீ என்று எழுதவும் இருக்கிறதா தெரியவில்லை.

உன் கடிதத்தைத் தபால் கந்தோர் வாசலிலேயே நின்று வாசித்தேன். பைகளைப் பிரிக்கிற இரத்தினசிங்கம் அண்ணன், அன்புவழிபுரத்துக்காரர், என் சேகரிப்புக்கு இவ்வளவு காலமும் உதவி செய்தவர், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "என்ன தம்பி, மௌத்துச் செய்தியோ?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை என்பதுதான் குறை.

"அந்தப் பிள்ளை உம்மட்ட வாழ்க்கையைக் கேட்டிருக்கு, நீர் வெறுங் கவரை அனுப்பினனீரோ? உமக்கென்ன விசரோ?" என்றார்.

ஓம், எனக்கு விசர்தான். நடந்ததைக் கேள். உன் கேள்வி பதினேழாம் திகதி என் கைக்கு வந்தது. அடுத்த நாளே மறுமொழி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். நீளமான கடிதம். வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் நல்லது அதுதான். அது அனுராதபுரம் சுற்றி வருகிறது, எங்கே கிடக்கிறதோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான், சீனன்குடா விமானத் தளத்திலிருந்து புல்மோட்டைக்குப் போகும் ஹெலிகொப்டரில் முதல் தடவையாக ஒரு தபால் பை வைக்கப்போகிறார்கள் என்று இரத்தினசிங்கம் அண்ணன் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் வாழ்நாளில், என் ஊரிலிருந்து, என் மனைவியின் ஊருக்கு ஹெலிகொப்டர் தபால்! மறுமொழிதான் ஏற்கெனவே போய்விட்டதே என்று, ஓடிப்போய் ஓர் உறை செய்தேன். உள்ளே கடிதம் வைத்தால் உறை வளையும் என்று வெறும் மட்டை வைத்தேன். கை தானாகவே பென்சிலைத்தான் எடுத்தது. இருபது வருடப் பழக்கம், றம்ஸியா. வெறும் உறை ஒரு நாளில் வந்துவிடும், மறுமொழி பின்தங்கிவிடும் என்று யோசிக்க எனக்கு மூளை இல்லை. உறைகளை மட்டும் பார்த்துப் பழகியவனுக்கு அதைத் திறக்கிற ஆள் கண்ணில் படவில்லை.

உன் நபீஸாவைப் பற்றியும் நினைத்தேன். நான் தும்பி என்று எழுதியது சீனன்குடாப் பக்கமிருந்து இங்கே அவை எழும்புவதைப் பார்த்துவிட்டு. அவை போய் இறங்குகிற இடத்தில் இருப்பவள் நீ. இவ்வளவு காலமும் உறை புறப்பட்ட ஊரின் சீலைத்தான் நான் ரசித்திருக்கிறேன்.

அந்த நீளக் கடிதத்தில் இருந்ததைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறேன். வருவேன். மணல் ஏற்றுகிற கப்பல்களின் வேலைக்காக எங்கள் அலுவலகத்துக்குப் புல்மோட்டையில் ஒரு கதிரை இருக்கிறது. அதில் போய் இருக்க ஒருவரும் ஓம் சொல்வதில்லை. நான் கேட்டேன். என் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உண்மையாகத்தான் கேக்கிறீரா?" என்று கேட்டுவிட்டுக் கையொப்பமிட்டார். உம்மா கிண்ணியாவில் மூத்த மகள் வீட்டுக்கு, என் ராத்தாவிடம் போகிறார். "பொண்டாட்டி ஊட்டுக்குப் போறவன் போற நேரத்துல போயிரணும்" என்று நாலு மாதமாக என்னைத் தின்றுகொண்டிருந்தவர் அவர்தான். எப்படி வந்து சேருவது என்பதுதான் தெரியவில்லை. கடல் கொந்தளிக்கிறது, கரைப் பாதை மூடியிருக்கிறது. அனுராதபுரம் வரை பஸ்ஸில் வரலாம். அங்கிருந்து பதவியா வழியாக வர ஒரு வாகனமும் அகப்படவில்லை. நடந்தென்றாலும் வருவேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நான் செருப்புக் கடித்தாலே நொண்டுகிறவன்.

இனி இந்தக் கடிதம் வந்த உறையை எடுத்துப் பார். திறக்கும்போது பார்த்திருப்பாய், இன்னொரு தரம் பார்.

மன்னரின் தலைக்குப் பக்கத்தில் நம்முடைய முத்திரையை ஒட்டியிருக்கிறேன். வாப்பாவின் உறைதான் அது. முகவரி இடம் நாற்பது வருடத்துக்கு மேலாக வெறுமையாகக் கிடந்தது. நேற்று மைக்கூட்டைத் திறந்து, உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உன் பெயரை எழுதினேன். ஜனாபா றம்ஸியா கலீலுர் றஹ்மான், புல்மோட்டை. முதல் எழுத்துக்கு மட்டும் கை தயங்கியது. பிறகு தயங்கவில்லை. எழுதி முடித்ததும் இதை உள்ளே வைத்து மடிப்பைச் சோற்றுப் பசையால் ஒட்டிவிடுவேன்.

ஒட்டுமுன் உறையை அடுத்த ஹெலிகொப்டர்ப் பைக்கென்று தபால் கந்தோரில் காட்டினேன்; இரத்தினசிங்கம் அண்ணன் அதை வாங்கிக் கன நேரம் கையில் வைத்திருந்தார். "இனி இதை ஒருத்தனும் சேகரிப்பெண்டு சொல்ல மாட்டான், தெரியுமோ?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப சரி" என்று சீலை எடுத்தார். ஆனால் மெல்லமாகத்தான் குத்தினார்.

இதையும் நீ கிழித்துத்தான் திறக்க வேண்டும் என்பதால் உறையின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன்: ஓரமாகக் கிழி. உள்ளே கடிதம் இருக்கிறது.

உன்
கலீல்


புல்மோட்டை.
9.11.1990

மச்சான்,

எழுதிவிட்டேன். நீங்கள் இன்னும் படியேறவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நேற்றுக் காலை கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பிள்ளைகள் எல்லோரும் வாங்குகளுக்குக் கீழே போனார்கள். நான் போகவில்லை. வெளியே ஓடினேன். என்ன நினைத்து ஓடினேன் என்று கேட்காதீர்கள், உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது, ஆனாலும் கால் ஓடியது. தொழிற்சாலை வேலி வரை போய், முந்தானை காற்றில் பறக்க, மண் எல்லாம் கண்ணில் அடிக்க, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நபீஸா என் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "டீச்சர், இதுல என்ன வந்திருக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

தபால் பையில் எனக்கு வந்திருந்த உறையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை ஒருவரும் சுற்றி நிற்கவில்லை. சாமான் கட்டுகிற அவசரத்தில் இருந்தார்கள். நான்தான் கிழிக்க முடியாமல் நின்றேன். மையில் என் பெயரைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் உங்கள் பெயர். பழைய தாளில் மை கொஞ்சம் ஊறியிருந்தது. அழிப்பதென்றால் தாளே ஓட்டையாகிவிடும். அழுதேன், சொல்வதற்கென்ன, நன்றாக அழுதேன். உம்மா ஓடி வந்து, மறுபடியும் வெறும் மட்டைதான் என்று நினைத்து உங்களைத் திட்டத் தொடங்கினார். அவரை நிறுத்துவதற்காகவே கிழித்தேன். நீங்கள் உறையின் பின்னால் எழுதியிருந்தபடி, ஓரமாக, மன்னரின் தலையில் படாமல்.

வாப்பாவிடம் உறையையும் கடிதத்தையும் கொடுத்தேன். அவர் கடிதத்தை வாசிக்கவில்லை. பிள்ளைக்கு வந்ததை வாசிக்கக் கூடாதாம். உறையை மட்டும் பார்த்தார். அது என்ன உறை, எத்தனை காலத்தது, யாருடையது, அதில் எழுதினால் என்ன ஆகும், உள்ளே வருகிறேன் என்று எழுதியிருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு காக்காவைக் கூப்பிட்டார்.

"மாப்புள வாறண்டு எழுதியிருக்கான். மாப்புள வார நேரத்துல ஊட்டப் பூட்டிட்டுப் போக ஏலாது. நீ ஒன்ட புள்ளகள்ட்டப் போ, நாங்க இருக்கம்."

காக்கா சண்டை பிடித்தார். "கவர நம்பி இருக்கப் போறீங்களா?" என்றார். "கவர நம்பித்தான்" என்றார் வாப்பா. கடைசியில் காக்கா என்னிடம் வந்து அந்த உறையைப் பார்க்கக் கேட்டார். பார்த்துவிட்டு, "நல்ல எழுத்து" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அது பெரிய பேச்சு.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். உங்களை நடக்கவிட்டால் வந்து சேரமாட்டீர்கள். லொறி நாளைக்குக் காக்காவையும் அவருடைய சாமான்களையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது. எங்கள் சாமான்களை இறக்கியாயிற்று. சாரதி ஸைனுலாப்தீன் நானா இந்த ஊர்க்காரர், லொறி திரும்பி வரும்போது வெறுமையாக வரும். மற்ற வாரம் வியாழக்கிழமை விடியற்காலையில் அனுராதபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் நிற்பார். என்னைக் கொண்டுபோக வந்த லொறி அது. உங்களைக் கொண்டு வரட்டும். பத்துப் பேர் சூழ மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியது, லொறியில் தனியாக வருகிறார் என்று உம்மாவுக்குத்தான் கவலை. ஊர் எல்லைக்கு ஆட்களை அனுப்பி வைப்பதாக வாப்பா சொல்லியிருக்கிறார்.

அலுமாரியைக் கொண்டுவர முடியாவிட்டால் உறைகளையாவது கொண்டு வாருங்கள். அறைக்குச் சுவரில் ஒரு தட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கிழிந்த உறைகள் இரண்டு ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. பென்சில் உறையையும் எறியவில்லை. கோபம் போன பிறகு அந்த எழுத்தும் அழகாகத்தான் தெரிகிறது.

உங்கள் நீளமான கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. அது வருகிறபோது நீங்கள் இங்கே இருந்தால் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

இன்று திரும்பிப் போகிற ஹெலிகொப்டரில் இதைப் போடப்போகிறேன். என் உறையைக் கையில் எடுத்ததும் நீங்கள் முகவரியைத்தான் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள், வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். உங்கள் பெயர் மையில் இருக்கிறது. ஜமாலியா, திருகோணமலை என்பதை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

வந்து அழித்துவிடுங்கள்.

உங்கள்
றம்ஸியா